போனையும் நெட்வொர்க்கையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. ஐந்து ஆண்டுகளாக ஒரே ஆண்ட்ராய்டு போன். மாலைக்குள் பேட்டரி தீர்ந்துவிடுகிறது, கையில் சூடாகிறது, படுக்கையறையில் பேசும்போது அழைப்பு அறுந்துபோகிறது. அதனால் ஐபோனுக்கு மாறி, கையோடு நெட்வொர்க்கையும் மாற்றிவிட நினைக்கிறீர்கள். எந்தப் போனோடு எந்த நெட்வொர்க் சேர்ந்தால் நல்லது, அல்லது 6ஜி வரட்டும் என்று பொறுத்திருக்கலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். இதன் அடியில் இருக்கும் கேள்வி, உங்களைப் படுத்துவது போனா நெட்வொர்க்கா என்பது. அதற்கு முதலில் விடை கண்டுவிட்டால் மற்றதைத் தேர்ந்தெடுக்க என் போன்றவர்களின் யோசனைகூடத் தேவைப்படாது.

நான் பல ஆண்டுகள் மொபைல் நெட்வொர்க்கின் ரேடியோ பிரிவில் வேலை பார்த்தவன். அளவுக் கருவிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாகச் சிக்னல் அளப்பது, புகார் வந்த வீட்டுக்குள் போய் எந்தச் சுவருக்குப் பின்னால் அழைப்பு அறுகிறது என்று பார்ப்பது, ஆன்டெனாவின் சாய்வைக் கொஞ்சம் மாற்றச் சொல்வது, இவைதான் என் தொழில். ஆகவே நெட்வொர்க் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டா ஐபோனா என்பதில் நான் இரண்டையும் அன்றாடம் பயன்படுத்துகிறவன், அவ்வளவே. செயலி எழுதுகிறவனோ பாதுகாப்பு வல்லுநனோ அல்லன். இன்னொரு எல்லையும் உண்டு. உங்கள் வீட்டுச் சுவர்களை நான் பார்த்ததில்லை. பார்க்காமலேயே ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி 'அதை வாங்குங்கள்' என்கிறவர் யாராக இருந்தாலும், அவர் தன் வீட்டு அனுபவத்தைத்தான் உங்களுக்குச் சொல்கிறார்.

பேட்டரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் போன் மீது பழி போடுவது அங்கேதான். போன் என்பது கேட்கும் கருவி மட்டுமல்ல, அதுவும் ஒரு ஒலிபரப்பி. டவருக்கு அருகில் இருக்கும்போது அது மிகமிக மெல்லிய சக்தியில் பேசினாலே போதும். டவர் தொலைவில் இருந்தாலோ, நடுவில் தடித்த சுவர்கள் இருந்தாலோ, 'இன்னும் உரக்கப் பேசு' என்று டவர் ஓயாமல் கட்டளையிடும். வழக்கமான 4ஜி போன் தன் உச்சத்தில் சுமார் 200 மில்லிவாட் வரை ஒலிபரப்பும். நல்ல சிக்னலில் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. உச்ச சக்தியில் நாள் முழுக்க உழைக்கும் போன் சூடாகத்தான் செய்யும், பேட்டரி கரையத்தான் செய்யும். அதே போனை டவருக்கு நேர் எதிரே இருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோனால் ஒன்றரை மடங்கு நேரம் தாங்குவது எனக்குப் புதிதல்ல. அழைப்பு அறுவதற்கு முன் எதிர்முனையில் இருப்பவர் "ஹலோ, ஹலோ, நீங்கள் பேசுவது கேட்கவில்லை" என்கிறாரா, அந்த நேரத்தில் அவர் குரல் மட்டும் உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் டவரின் குரல் உங்களை எட்டுகிறது, உங்கள் போனின் குரல்தான் டவரை எட்டவில்லை. சிக்னலின் எல்லையில் வாழ்கிறவர்களுக்கு நேர்கிற, பாடப்புத்தகத்தில் போடத்தக்க அறிகுறி இது.

ஆனால் ஐந்து ஆண்டு ஓடிய பேட்டரி என்பதும் உண்மை. லித்தியம் அயனி பேட்டரி சார்ஜ் ஏற ஏறத் தேய்கிறது. ஐபோன் 14 வரையிலான மாடல்களுக்கு 500 முழுச் சுற்றுகளுக்குப் பின் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும் என்பது ஆப்பிளின் கணக்கு. ஐபோன் 15 முதல் அதை 1000 சுற்று என்கிறது. ஆண்ட்ராய்டு போன்களிலும் இதே வேதியியல்தான். எனவே உங்கள் விஷயத்தில் பழைய பேட்டரியும் பலவீனமான சிக்னலும் கூட்டாளிகளாகவே இருக்கலாம். பிரித்துப் பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. வீட்டில் வேறு நெட்வொர்க் வைத்திருக்கும் ஒருவரின் போனை வாங்கி உங்கள் சிம்மை அதில் போடுங்கள், அவருடைய சிம்மை உங்கள் போனில் போடுங்கள். அழைப்பு அறுகிற அதே இடத்தில் நின்று இரண்டிலும் பேசிப் பாருங்கள். கோளாறு சிம்மோடு போனால் நெட்வொர்க். போனோடு தங்கினால் போன். இரண்டிலும் கோளாறு தெரிந்தால் உங்கள் அறைதான் காரணம், அதற்கும் வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். இந்த அரை மணி நேர வேலையைச் செய்யாமல் புதுப் போன் வாங்கி, அதே மூலையில் அதே போல அழைப்பு அறுந்து, பிறகு எங்களிடம் கோபமாக வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சிக்னலை அளக்கத் திரையின் மேலே தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். எத்தனை சிக்னலுக்கு எத்தனை கோடு என்று உலகம் முழுவதற்கும் பொதுவான விதி எதுவும் கிடையாது. அது போன் தயாரிப்பாளரின் விருப்பம். 2010-ல் ஐபோன் 4 வெளிவந்து, கையில் பிடித்தால் சிக்னல் விழுகிறது என்று புகார்கள் எழுந்தபோது, கோடுகளைக் கணக்கிடும் தங்கள் சூத்திரமே தவறு, பல நேரங்களில் இரண்டு கோடுகளைக் கூடுதலாகக் காட்டிவந்தது என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டது. நீங்கள் பார்க்க வேண்டியது எண்ணை. ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் 'போனைப் பற்றி' என்ற பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் வலிமை மைனஸ் குறியோடு ஓர் எண்ணாகத் தெரியும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் ஃபீல்டு டெஸ்ட் திரை திறக்கும். அதன் அலகு டிபிஎம், அதாவது டெசிபல் கணக்கில் சொல்லும் சக்தி. எண் பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் வலுவானது. 4ஜியில் மைனஸ் 80 அல்லது அதைவிட மேல் என்றால் அருமை. மைனஸ் 100 வரை கவலை இல்லை. மைனஸ் 110-ஐத் தாண்டினால் வீட்டுக்குள் தொல்லை தொடங்கும். மைனஸ் 120 என்றால் அழைப்பு எப்போது அறுமென்று சொல்ல முடியாது.

இந்த எண்களில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு வீட்டில் சன்னலோரம் மைனஸ் 94, அதே அறையின் உள்மூலையில் கட்டில் அருகே மைனஸ் 113 என்று அளந்தேன். பார்வைக்கு 19 என்ற சிறிய வித்தியாசம். ஆனால் டெசிபலில் 10 குறைந்தால் சக்தி பத்தில் ஒரு பங்காகிறது. 19 குறைந்தால் ஏறக்குறைய எண்பதில் ஒரு பங்கு. நாலைந்து எட்டு நடப்பதற்குள் எண்பது மடங்கு இழப்பு. நடுவில் இருந்தது ஒரு கான்கிரீட் தூணும், பின்புறம் முழுக்க இரும்பாலான ஒரு அலமாரியும். வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய நவீனக் கண்ணாடிச் சன்னல்களும் இப்படித்தான். வெளிச்சத்தை விடும், ரேடியோ அலையை விடாது. அந்த வீட்டுக்காரர் ஒரு மாதம் முன்புதான் விலை உயர்ந்த புதுப் போன் வாங்கியிருந்தார். கட்டிலை எதிர்ச்சுவருக்கு நகர்த்தியதில் அவர் பிரச்சினை தீர்ந்தது.

இனி எந்த நெட்வொர்க் என்பது. இங்கே நூறு விளம்பரங்களைவிடப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு: அந்த நிறுவனம் உங்கள் பகுதியில் எந்த அலைவரிசையில் ஒலிபரப்புகிறது என்பது. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தொலைவு போகும், சுவரை ஊடுருவும். 1800, 2100, 2300, 2600 ஆகியவை நடுத்தரம். பெரும்பாலான நாடுகளில் 5ஜிக்குக் கொடுத்திருக்கும் 3500 மெகாஹெர்ட்ஸ் பட்டை அதற்கும் மேலே. 24 கிகாஹெர்ட்ஸுக்கு மேலுள்ள மில்லிமீட்டர் அலைகளோ உங்கள் உள்ளங்கை மறைத்தாலே தடுமாறும். ஆனால் தாழ்ந்த அலைவரிசையில் ஒரு நிறுவனத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் 5 அல்லது 10 மெகாஹெர்ட்ஸ் அகலம். 3500-ல் 100 மெகாஹெர்ட்ஸ் வரைகூடக் கிடைக்கும். அகலம் கூடினால் வேகமும் கூடும். ஆக, வேகம் மேலே இருக்கிறது, வீட்டுக்குள் எட்டுவது கீழே இருக்கிறது. படுக்கையறையில் அழைப்பு அறுகிற உங்களுக்குத் தேவை தாழ்ந்த அலைவரிசை வைத்திருக்கும் நிறுவனம். மொட்டைமாடியில் விநாடிக்கு 800 மெகாபிட் காட்டும் நிறுவனம் உங்களுக்கு உதவாது. யாரிடம் எந்த அலைக்கற்றை இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் ஏல முடிவுகளிலேயே பார்த்துக்கொள்ளலாம்; அரசு ஒழுங்குமுறை அமைப்புகள் அதை வெளியிடுகின்றன.

இரண்டாவது, நெரிசல். 'கோடு முழுதாக இருக்கிறது, ஆனால் ஒரு பக்கம் திறக்க ஒரு நிமிடம் ஆகிறது' என்பது நான் மிக அதிகமாகக் கேட்ட புகார். கோடு காட்டுவது டவரின் குரல் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை மட்டுமே. கதவு அகலமாகத் திறந்திருக்கிறது என்பதால் உள்ளே உட்கார இடம் இருக்கிறது என்று ஆகிவிடாது. ஒரு டவரின் ஒரு திசையில் இருக்கும் எல்லாரும் அந்தத் திசையின் கொள்ளளவைப் பகிர்ந்துகொள்கிறார்கள். இரவு எட்டு முதல் பதினொன்று வரை எல்லாரும் வீடியோ பார்க்கும்போது பங்கு குறையும். காலை ஆறு மணிக்கு வேகச் சோதனை செய்து மகிழ்ந்துபோகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நீங்கள் போனை அதிகமாகப் பயன்படுத்தும் நேரத்தில், அதே இடத்தில் அளப்பதுதான் உங்களுக்கான அளவு. சோதனையில் பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்க்காமல் பதிவேற்ற வேகத்தையும் தாமதத்தையும் (கேட்டதற்குப் பதில் வர ஆகும் நேரம்) பாருங்கள். வீடியோ அழைப்பு உறைவதற்கு இவை இரண்டும்தான் பெரும்பாலும் காரணம். பதிவிறக்கம் விநாடிக்கு 10 மெகாபிட் சீராக வந்தாலே சராசரி மனிதருக்குத் தாராளம்.

5ஜி என்று திரையில் தெரியும் எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலில் வந்த 5ஜி தனித்து நிற்பதல்ல. 4ஜி டவரைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் 5ஜியைக் கூடுதலாகச் சேர்ப்பது. அந்த முறைக்கான தரநிலை 2017 டிசம்பரில் முடிந்தது, தனித்தியங்கும் முறைக்கானது 2018 ஜூனில். முதல் வகையில், 'இந்தப் பகுதியில் 5ஜி கிடைக்கக்கூடும்' என்று 4ஜி டவர் ஒரு சிறு தகவலை ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். பல போன்கள் அதைக் கேட்டவுடனேயே 5ஜி என்று காட்டிவிடும், 5ஜி அலை ஒன்றுகூட அந்த இடத்தை எட்டாவிட்டாலும். அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் 2019 வாக்கில் மேம்பட்ட 4ஜிக்கே '5ஜி இ' என்று திரையில் போட்டதும் நடந்திருக்கிறது. ஆகவே அந்தச் சின்னத்தைப் பார்த்து நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். சிக்னல் எல்லையில் இருக்கும் வீட்டில் போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவுவதால் பேட்டரி இன்னும் வேகமாகத் தீர்வதும் உண்டு. அங்கே 5ஜியை அணைத்துவைப்பது நல்லது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நானே வீட்டில் 4ஜியில்தான் வைத்திருக்கிறேன்.

நிறுவனங்கள் வெளியிடும் சிக்னல் வரைபடங்கள் பொய் அல்ல, ஆனால் அவை கணினியின் மதிப்பீடுகள், பெரும்பாலும் வெட்டவெளிக்கானவை. நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஊக்லா, ஓப்பன்சிக்னல் போன்ற நிறுவனங்களின் அறிக்கைகள் உண்மையான போன்களிலிருந்து வருகிறவை என்றாலும் அவை நகரம், நாடு என்ற அளவில் சராசரி சொல்கின்றன. உங்கள் தெரு அந்தச் சராசரியில் எங்கோ கரைந்திருக்கும். சொந்த டவர் இல்லாமல் பெரிய நிறுவனத்தின் டவரை வாடகைக்கு எடுத்து மலிவாக விற்கும் நிறுவனங்களும் பல நாடுகளில் உண்டு. சிக்னல் ஒன்றேதான். ஆனால் நெரிசல் நேரத்தில் டவர்க்காரர் தன் சொந்த வாடிக்கையாளர்களை முன்னால் விட ஒப்பந்தத்தில் இடம் இருக்கக்கூடும். அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் அவற்றில் தவறு ஒன்றுமில்லை.

இவற்றையெல்லாம்விட நம்பத்தகுந்தது, மாறுவதற்கு முன்னால் நீங்களே இரண்டு வாரம் ஓட்டிப் பார்ப்பது. உங்கள் போனில் இரண்டாவது சிம்முக்கு இடம் இருந்தால், அல்லது இ-சிம் வசதி இருந்தால், நீங்கள் குறிவைத்திருக்கும் நெட்வொர்க்கின் மிகச் சிறிய முன்பணத் (பிரீபெய்டு) திட்டத்தை வாங்கிப் போடுங்கள். பழைய எண் அப்படியே இருக்கட்டும். படுக்கையறை, சமையலறை, அலுவலகத்தில் உங்கள் நாற்காலி, தினமும் போகும் வழி, மின்தூக்கி, அடித்தளத்து வாகன நிறுத்தம் என்று ஒவ்வோர் இடத்திலும் இரண்டின் சிக்னல் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: பல போன்களில் டேட்டாவுக்குத் தேர்ந்தெடுக்காத சிம் பழைய தலைமுறை நெட்வொர்க்கிலேயே காத்திருக்கும், அதனால் அதன் எண் ஒப்பீட்டுக்கு உதவாது. ஒவ்வொரு முறையும் டேட்டாவை மற்ற சிம்முக்கு மாற்றிவிட்டு, அரை நிமிடம் பொறுத்து அளக்கவும். புது நெட்வொர்க் வென்றால் மட்டும் உங்கள் போன் எண்ணை அங்கே மாற்றுங்கள். எண் மாறும் சில மணி நேரம் வங்கிக் குறுஞ்செய்திகள் வராமல் போகலாம், எனவே பணம் கட்ட வேண்டிய நாளில் அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

முன்பு சொல்வதாகச் சொன்ன வழி இதுதான். சிக்னல் எட்டாத அறையில் வீட்டு வைஃபை இருந்தால், வைஃபை வழியாக அழைக்கும் வசதியை இயக்கிப் பாருங்கள். ஐபோனிலும் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களிலும் அது உண்டு. உங்கள் நெட்வொர்க் அதை அனுமதித்திருக்க வேண்டும், உங்கள் போன் மாடலையும் அது ஏற்றிருக்க வேண்டும். பாதிப் புகார்களை நான் இந்த ஒரு பொத்தானால் தீர்த்திருக்கிறேன் என்று சொன்னால் மிகைதான், ஆனால் பெரிய மிகை இல்லை.

புதுப் போன் வாங்கும்போது நெட்வொர்க்கோடு சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்களைப் பார்த்தாக வேண்டும். ஒரே பெயர் கொண்ட மாடலே நாட்டுக்கு நாடு வெவ்வேறு அலைவரிசைகளோடு விற்கப்படுகிறது. மாடல் எண்ணை வைத்து, உங்கள் நெட்வொர்க்கின் தாழ்ந்த அலைவரிசை அதில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் போனில் இதைத்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். மற்றொன்று, 4ஜி வழியாகக் குரல் அழைப்பு, அதாவது வோல்ட்டி. டேட்டா 4ஜியில் ஓடுகிறது என்பதால் அழைப்பும் 4ஜியில் போகிறது என்று அர்த்தம் இல்லை. பல போன்கள் அழைப்பு வந்ததும் சத்தமில்லாமல் 3ஜி அல்லது 2ஜிக்கு இறங்கிவிடும். பழைய நெட்வொர்க்குகளை மூடும் நாடுகளில் அந்தப் போன்கள் பேச முடியாத கருவிகளாகின்றன. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபரில் 3ஜியை அணைத்தபோது, அவசர எண்ணை 4ஜியில் அழைக்க முடியாத போன்களை நெட்வொர்க்கிலிருந்தே விலக்க நேர்ந்தது. அவற்றில் டேட்டா ஒழுங்காக ஓடிய 4ஜி போன்களும் இருந்தன.

இப்போது ஆண்ட்ராய்டா ஐபோனா. பலருக்கு இதுதான் பெரிய கேள்வி. எனக்கு இது இரண்டாவது கேள்வி. மூன்றாவது இயங்குதளம் ஒன்றைத் தேடி அலைய வேண்டாம். மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் கைபேசிப் பிரிவையே 2014-ல் வாங்கியும் விண்டோஸ் போனைக் காப்பாற்ற முடியவில்லை. தளம் மோசமில்லை, செயலிகள் வரவில்லை. ஹுவாவேயின் ஹார்மனி தளம் உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் கூகுள் சேவைகள் இல்லாமல் வாழப் பழக வேண்டும். மற்றபடி கேமரா, திரை, வேகம் ஆகியவற்றில் ஒரே விலைப் படியில் இருக்கும் இரண்டு தளங்களுக்கும் நடுவே சாதாரண மனிதர் உணரக்கூடிய வித்தியாசம் அநேகமாக இல்லை. அந்த வாதத்தை ஓய்வுள்ளவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

உறுதியாகச் சொல்லத்தக்கது புதுப்பிப்பைப் பற்றி. நீங்கள் ஒரு போனை ஐந்து ஆண்டு வைத்திருக்கிறவர் என்பதால் இது உங்களுக்கு மிக முக்கியம். 2015-ல் வந்த ஐபோன் 6எஸ், 2021-ல் வந்த ஐஓஎஸ் 15 (ஐஓஎஸ் என்பது ஐபோனின் இயங்குதளம்) வரை பெற்றது. 2018-ன் ஐபோன் எக்ஸ்எஸ் 2024-ன் ஐஓஎஸ் 18 வரை பெற்று, 2025-ல்தான் விடப்பட்டது. ஆண்ட்ராய்டில் கதை தயாரிப்பாளரைப் பொறுத்தது. கூகுள் 2023-ல் பிக்சல் 8-க்கும், சாம்சங் 2024-ல் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு ஆண்டு புதுப்பிப்பை எழுத்தில் உறுதியளித்தன. வேடிக்கை என்னவென்றால், பிரிட்டனில் 2024-ல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டத்தின் கீழ் ஆப்பிள் எழுதிக்கொடுத்தது குறைந்தபட்சம் ஐந்து ஆண்டுதான். காகிதத்தில் ஆண்ட்ராய்டின் மேல்தட்டு முந்துகிறது, நடந்துகாட்டியதில் ஆப்பிள் முந்துகிறது. ஏழு ஆண்டு வாக்குறுதி காப்பாற்றப்படுகிறதா என்பது 2030-க்குப் பிறகே தெரியும். அதுவரை அதை வாக்குறுதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். மலிவு ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளோடு கதை முடிந்துவிடும். 'ஆண்ட்ராய்டு சீக்கிரம் பழசாகிவிடும்' என்று சொல்கிறவர் பெரும்பாலும் மலிவு ஆண்ட்ராய்டை விலை உயர்ந்த ஐபோனோடு ஒப்பிடுகிறார்.

பாதுகாப்பில் எனக்கு அவ்வளவு உறுதி இல்லாத இடங்கள் உண்டு. ஐபோனை உடைக்கவே முடியாது என்பது தவறு. பெகாசஸ் உளவுமென்பொருள் பற்றி 2021-ல் வெளியான ஆய்வுகளில் ஐபோன்களும் சிக்கியிருந்தன. அதிகாரப்பூர்வச் செயலிக் கடைக்கு வெளியிலிருந்து செயலியை நிறுவ ஆண்ட்ராய்டு விடுகிறது என்பதால் ஏமாற்றுக்காரர்களுக்கு அங்கே ஒரு வாசல் கூடுதல் என்பது சரி. ஆனால் பணம் பறிபோகும் சம்பவங்களில் பெரும்பாலானவை ஆள் ஏமாறுவதால் நடப்பவை. எந்தத் தளமானாலும் கடவுச்சொல்லை நாமே படித்துச் சொன்னால் அது என்ன செய்யும்? தனியுரிமையில் ஆப்பிளின் கை சற்று ஓங்கியிருக்கிறது. 2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5-ல் தொடங்கி, பிற செயலிகளில் உங்களைப் பின்தொடரச் செயலிகள் அனுமதி கேட்டாக வேண்டும். அதே ஆப்பிள், தன் சஃபாரி உலாவியில் கூகுள் தேடலை முதலில் வைப்பதற்காக 2022-ல் மட்டும் கூகுளிடமிருந்து சுமார் 2,000 கோடி டாலர் பெற்றது என்பது அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிவந்தது. துறவி வேடம் இருவருக்கும் பொருந்தாது.

கடைசியில் உங்கள் முடிவைத் தீர்மானிக்கப்போவது பெரும்பாலும் உங்களைச் சுற்றியிருப்பவர்கள். வீட்டில் எல்லாரும் ஆண்ட்ராய்டு, கணினி விண்டோஸ் என்றால் ஐபோனின் பாதிச் சுகம் உங்களுக்குக் கிடைக்காது. ஏற்கெனவே மேக்புக்கோ ஐபேடோ இருந்தால் கணக்கு மாறும். கைக்கடிகாரத்தைக் கவனியுங்கள்: ஆப்பிள் வாட்ச் ஆண்ட்ராய்டோடு சேராது, கேலக்ஸி வாட்ச் 4 முதல் வந்தவை ஐபோனோடு சேராது. காசு கொடுத்து வாங்கிய செயலிகள் மறு தளத்துக்கு வராது, மாதச் சந்தாக்கள் பெரும்பாலும் வரும்.

நீங்கள் போவது ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு என்பதால் இதை மட்டும் மறக்க வேண்டாம். கூகுள் டிரைவில் இருக்கும் வாட்ஸ்அப் காப்புப் பிரதியை ஐபோனில் திறக்க முடியாது. 'மூவ் டு ஐஓஎஸ்' என்ற செயலி வழியாகத்தான் பழைய உரையாடல்கள் போகும், அதையும் ஐபோனை முதன்முதலாக அமைக்கும் கட்டத்திலேயே செய்ய வேண்டும். ஆர்வத்தில் அமைத்து முடித்துவிட்டால், பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க நேரிடும். இருபடிச் சரிபார்ப்புக்கான செயலிகள், வங்கிச் செயலிகள் எல்லாம் புதுப் போனில் வேலை செய்கின்றன என்று பார்த்த பிறகே பழையதை அழியுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வாரம் சிம்மை மாற்றிப் போட்டுப் பார்ப்பேன், வைஃபை அழைப்பை இயக்குவேன், இரண்டாவது நெட்வொர்க்கை இரண்டு வாரம் ஓட்டுவேன். நெட்வொர்க் விஷயம் தீர்ந்து ஒரு மாதம் ஆன பிறகும் பேட்டரி மாலையைத் தாண்டவில்லை என்றால் அப்போது போனைப் பற்றி யோசிப்பேன். உங்கள் இப்போதைய போனுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் வருகின்றனவா என்று அமைப்புகளில் தேதியைப் பாருங்கள். வருகின்றன என்றால் பேட்டரியை மட்டும் மாற்றினால் இன்னும் ஓராண்டு ஓடும். நின்றுபோய்விட்டன என்றால் புதுப் போன்தான் வழி. வீட்டார் எந்தப் பக்கம் இருக்கிறார்களோ அந்தப் பக்கத்தில், ஐந்தாண்டுக்கு மேல் புதுப்பிப்பு உள்ள ஒன்றை எடுங்கள். 6ஜிக்காகக் காத்திருக்க வேண்டாம். அதற்கான தரநிலை வேலைகள் இப்போதுதான் நடக்கின்றன, 2030 வாக்கில்தான் அது சந்தைக்கு வரும் என்பது துறையின் கணக்கு. வந்தாலும் உங்கள் படுக்கையறைக்குள் எட்டுவதற்கு அதற்கும் ஒரு தாழ்ந்த அலைவரிசை தேவைப்படும். இரண்டு வார எண்களைக் குறித்து முடித்ததும் அவற்றை இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.